முப்பது–நாற்பதைத் திருப்பிச் சொன்னேன்

எங்கள் ஊர் டென்னிஸ் கிளப்பில் டியூஸை ஒழித்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் தீர்மானம் வந்தது. ஆடும் இருவரும் நாற்பதைத் தொட்டுவிட்டால் இனி ஒரே ஒரு பாயிண்ட். அதை எடுப்பவருக்கு கேம். காரணம் என்ற இடத்தில் "உறுப்பினர்களின் அலுவல் நெருக்கடி" என்று போட்டிருந்தது. அந்த உறுப்பினர்களில் பாதிப் பேரின் அலுவல் நெருக்கடியை ஒரு நாளிதழின் மாவட்டச் செய்தியாளனாக முப்பது ஆண்டுகள் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு விளையாட்டுச் செய்திகளைப் பார்த்துக்கொள்ளும் சரண்யா போன் செய்தார்.

"சார், டியூஸ எடுத்துட்டாங்களாமே. அதனால இன்னா ஆகும்?"

"மேட்ச் சீக்கிரம் முடியும்."

"அவ்ளோதானா? இதுக்கா உங்களுக்கு போன் போட்டேன்? ஆடறவங்களுக்கு இன்னா ஆகும்னு கேக்கறேன். நடுவர் நாற்காலியில ஏறி உக்காந்தவரு நீங்க, எழுதிக் குடுங்க."

ஏறி உட்கார்ந்தது உண்மை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்த தவறும் உண்மை. சரண்யாவின் கேள்விக்கு அந்தத் தவறுதான் பதில் என்பதால் அதையே எழுதுகிறேன்.

திருவண்ணாமலை வட்டாரத்தில் கபடிக்கு நடுவர் தேடினால் தெருவுக்கு நான்கு பேர் கிடைப்பார்கள். டென்னிஸுக்கு நான் ஒருவன். விளையாட்டுப் பக்கத்துக்காக ஒரு முறை டென்னிஸ் விதிகளைச் சிறு கட்டமாக எழுதிக் கொடுத்திருந்தேன். அதைக் கத்தரித்து வைத்திருந்த கிளப் செயலாளர், விதி தெரிந்தவர் அகப்பட்டுவிட்டார் என்று முடிவு செய்தார். சென்னையில் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினார். முதல் நாள் கோடுகள், இரண்டாம் நாள் குரல். திரும்பி வந்தபோது நான் நடுவர். அடுத்த பத்து ஆண்டுகளும் கிளப் போட்டிகளை நடுவராக நடத்தியதும் நானே, அவற்றைப் பத்திரிகையில் எழுதியதும் நானே. நடுவரின் தீர்ப்பைக் குறை சொல்லி ஒரு செய்தியும் வெளிவராத ஆண்டுகள் அவை.

கபடியில் பத்துப் புள்ளி முன்னால் இருந்து மூன்று நிமிடம் பாக்கி என்றால், முன்னால் இருப்பவன் குனிந்து கணுக்கால் பட்டையைச் சரிசெய்வான். அதிலேயே அரை நிமிடம் போகும். கிரிக்கெட்டில் மழை காப்பாற்றும். டென்னிஸில் கடிகாரம் இல்லை. பதினைந்து, முப்பது, நாற்பது, கேம். இருவரும் நாற்பதில் நின்றால் அது டியூஸ்; அதன் பிறகு தொடர்ந்து இரண்டு பாயிண்ட் எடுப்பவருக்கே கேம். கேம் முடிந்ததும் இரண்டு பேரும் மறுபடி பூஜ்யம். ஆறு கேம் எடுத்தால் ஒரு செட். அதிலும் இரண்டு கேம் இடைவெளி வேண்டும். எவ்வளவு முன்னால் இருந்தாலும் கடைசி பாயிண்டை ஒருவர் எடுத்தே ஆக வேண்டும். மொத்தத்தில் ஜாஸ்தி பாயிண்ட் எடுத்தவர் தோற்றுப் போவதும் உண்டு. என் குறிப்பேடுகளில் அப்படி நாலைந்து மேட்ச் இருக்கின்றன. ஆகவே எல்லா பாயிண்டும் ஒரே எடை அல்ல. எந்த பாயிண்டுக்கு எவ்வளவு எடை என்பதை ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்பவர் நடுவர். ஸ்கோரைச் சொல்லும்போது சர்வீஸ் போடுபவரின் எண்ணை முதலில் சொல்ல வேண்டும். சென்னை வகுப்பில் இந்த விதியைப் பதினொரு முறை சொன்னார்கள். எண்ணிக்கை என் குறிப்பேட்டில் இருக்கிறது.

அதற்கு வெகு காலம் முன்பே எனக்கு வேறொரு விதி ஏறியிருந்தது. வேலூர் அலுவலகத்தில் செய்தி ஆசிரியராக இருந்த ராஜமாணிக்கம் ஏற்றிய விதி அது. மாலை ஆறரைக்கு நான் போனில் செய்தி சொல்ல வேண்டும். அவர் எதிர்முனையில் "ம்" என்றுகூடச் சொல்ல மாட்டார். பேனா காகிதத்தில் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். சத்தம் நின்றால் நான் எங்கோ தவறியிருக்கிறேன் என்று பொருள். எங்கே என்று அவர் சொல்ல மாட்டார். நானே திரும்பப் போய்க் கண்டுபிடித்துச் சொன்னதும் பேனா மறுபடி உரசும். ஒருநாள் ஒரு கல்லூரிப் போட்டி முடிவை "மூன்று–ஆறு, நான்கு–ஆறு" என்று படித்தேன். சத்தம் நின்றது. தேதி, இடம், பெயர், இனிஷியல் என்று எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். பேனா அசையவில்லை. கடைசியில் அவரே வாய் திறந்தார்.

"ஏம்பா, ஆட்டத்த தோத்தவன் பக்கத்துலயே உக்காந்து பாத்தியா?"

"இல்லீங்க சார்."

"அப்பறம் ஏன் அவன் கண்ணால சொல்ற? ஜெயிச்சவன் பேரு முன்னாடி. ஜெயிச்சவன் எண்ணும் முன்னாடி. படிக்கறவன் டீய கீழ வெச்சிட்டு யோசிக்கக் கூடாது."

அன்றிலிருந்து எந்த ஸ்கோரும் என் வாயில் ஜெயித்தவர் எண்ணோடுதான் தொடங்கியது. யார் முன்னால் இருக்கிறாரோ அவர் எண் முதலில். இருபது ஆண்டுப் பழக்கம் ஒருபுறம், இரண்டு நாள் வகுப்பு மறுபுறம். நாற்காலியில் இருக்கும்போது வகுப்பையும், கீழே இறங்கியதும் பழக்கத்தையும் பின்பற்றி வந்தேன். ஒரே ஒரு மாலை இரண்டும் மாறிப் போயின.

அரசு ஊழியர்களுக்கான டென்னிஸ் போட்டி வேங்கிக்கால் பக்கத்து மைதானத்தில் நடக்கும். பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் நடத்த முடியாது. கிரிவலக் கூட்டத்தில் எந்தப் பஸ்ஸும் உள்ளே வராது, ஊழியர்களில் பாதிப் பேருக்கு அங்கேயே பணி இருக்கும். ஆகவே அமாவாசையை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைகள். ஒற்றையர் ஆட்டம், ஒரே செட். பெண்கள் மூன்று பேர்தான் பெயர் கொடுத்திருந்ததால் தனிப் பிரிவு கிடையாது. நடுவருக்கு ஒரு மேஜையும், அதன் மேல் ஒரு நாற்காலியும். மேஜையின் ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் பழைய அரசாணைத் தொகுப்பு ஒன்றை வைத்திருந்தார்கள். அது பயன்பட்டதை நான் பார்த்தது அங்கேதான்.

அந்த ஆண்டு இறுதிப் போட்டிக்கு வந்தவர்களில் ஒருவர் பாலசுந்தரம். ஒரு துறையின் மாவட்ட உயர் அதிகாரி. துறையின் பெயர் வேண்டாம். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, நல்ல சர்வீஸ். அவர் இறுதிக்கு வந்த வழி சுவாரஸ்யமானது. எதிராளிகள் மூவரும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்கு மாமனார் வீட்டு விசேஷம், மூன்றாமவர் ஆடினார். அவர் அடித்த பந்துகள் மைதானத்துக்கு வெளியே இருந்த புங்க மரத்தடியில் பொறுக்கப்பட்டன.

இன்னொருவர் கோமதி. அதே துறையில் இளநிலை உதவியாளர். கல்லூரியில் ஆடியவர், நேர்மையாக ஜெயித்து வந்தவர். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர், வேலை ஜவ்வாது மலை மேலே ஜமுனாமரத்தூரில். விடியும் முன் கிளம்பி மூன்று பஸ் மாற வேண்டும். திரும்பி வரும்போது நான்கு வயது மகள் தூங்கியிருப்பாள். பிள்ளையை விழித்த முகமாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். திருவண்ணாமலைக்கு இடமாறுதல் கேட்டு விண்ணப்பம் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாறுதலில் கையெழுத்துப் போட வேண்டியவர் பாலசுந்தரம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆட்டத்துக்கு முன் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில் அந்த அலுவலகத்தின் சூப்பிரண்டு ஏழுமலை எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியம் பேசினார்.

"இதோ பாரும்மா கோமதி. ஐயாவுக்கு கப்புன்னா உசுரு. ஜெயிச்சாருன்னா ஒரு வாரம் சிரிச்ச மொகமா இருப்பாரு. அந்த வாரத்துல உன் பேப்பர உள்ள தள்ளிடலாம். புரியுதா?"

"தோத்துடணுங்கறீங்க."

"நான் அப்பிடி சொன்னேனா? கௌரவமா தோத்துடுன்னு சொல்றேன். ஆறு–நாலு. ரொம்ப கம்மியா போனா உட்டுக்குடுத்தன்னு கண்டுபுடிச்சிடுவாரு."

பிறகு என் பக்கம் திரும்பி, "சார், நீங்களும் பாத்து தீர்ப்பு சொல்லுங்க" என்றார்.

"கோடு மேல விழுந்தா உள்ள, சார்" என்றேன்.

கோமதி டம்ளரை வைத்துவிட்டு, "நீங்க நியாயமாவே தீர்ப்பு சொல்லுங்க சார். மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

தோற்பது எளிது என்று நினைத்துவிட்டார். கபடியில் எளிது, கோட்டைத் தாண்டிப் போய் நின்றுகொள்ளலாம். டென்னிஸில் நாம் தோற்க வேண்டுமென்றால், எதிராளி கடைசி பாயிண்டை எடுக்க ஒத்துழைக்க வேண்டும்.

நான்கு–நான்கு வரை திட்டப்படியே போனது. ஒன்பதாவது கேமில் கோமதி சர்வீஸ். இந்த கேமை இழந்தால் கணக்குச் சரியாக வரும். இரண்டு டபுள் ஃபால்ட் போட்டார். பூஜ்யம்–முப்பது. பாலசுந்தரத்துக்கு வாய்ப்பு தெரிந்துவிட்டது; தெரிந்ததுதான் வினை. அடுத்த மூன்று பந்துகளை வலையில் அடித்தார். நாற்பது–முப்பது. கோமதி ஒன்றை நீளமாக அடித்து டியூஸுக்குக் கொண்டுவந்தார். இன்னொன்றையும் நீளமாக அடித்தார். இப்போது அதிகாரிக்கு ஒரே பாயிண்ட் வேண்டும். வலை. மறுபடி டியூஸ். மறுபடி கோமதி வெளியே அடித்தார், மறுபடி அவர் வலையில் அடித்தார். மூன்றாவது டியூஸில் அதிகாரி ஒரு பந்தைத் தவறவிட, அடுத்ததை கோமதி மைதானத்தின் நடுவில், குழந்தைக்குப் போடுவதுபோல உயரமாகத் தூக்கிப் போட்டார். பாலசுந்தரம் ஓடி வந்து முழு பலத்தோடு பின்வேலியில் அடித்தார். கேம் கோமதிக்கு. ஐந்து–நான்கு. கோமதி தன் ராக்கெட்டை, அது தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதுபோலப் பார்த்தார்.

சரண்யாவின் கேள்விக்கு ஒரு பதில் இங்கேயே இருக்கிறது. டியூஸ் இல்லாத புதிய விதி அன்று இருந்திருந்தால் முதல் டியூஸிலேயே கோமதி வெளியே அடித்த பந்தோடு கேம் அதிகாரிக்குப் போயிருக்கும். கோமதி நிம்மதியாகத் தோற்றிருப்பார்.

பத்தாவது கேம், பாலசுந்தரம் சர்வீஸ். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் இருக்கும்போது பந்தை இரண்டு முறை தட்டிவிட்டு சர்வீஸ் போடுவார். பின்னால் இருந்தால் ஆறு முறை தட்டுவார். குறிப்பேட்டின் ஓரத்தில் அதையும் எழுதி வைத்திருந்தேன். இந்த கேமில் கோமதி இரண்டு பந்துகளை விட்டுக்கொடுத்தார். அதிகாரி மூன்றைத் தவறவிட்டார். முப்பது–நாற்பது. கோமதி இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் கப் அவருக்கு.

அந்த நேரத்தில் அதிகாரியின் போன் ஒலித்தது. சென்னையிலிருந்து. டபேதார் போனை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார். டென்னிஸ் விதிகளில் இதற்கு இடமில்லை. சென்னைக்கு அது தெரியாது. பாலசுந்தரம் வேலியோரம் நின்று ஏதோ ஒரு அறிக்கையைப் பற்றி "எஸ் சார், அனுப்பிட்டோம் சார்" என்று பத்து நிமிடம் பேசினார். கோமதியைச் சுற்றி அலுவலகமே கூடிவிட்டது. ஒருவர் ஸ்கோர் இது என்றார், ஒருவர் இல்லை அது என்றார். நான் மேஜை மேல் உட்கார்ந்தபடியே மாலைச் செய்தியின் முதல் வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தேன்: "ஐந்து–நான்கு, நாற்பது–முப்பது என்று கோமதி முன்னிலை பெற்றிருந்த நிலையில்..."

அதிகாரி திரும்பி வந்து பந்தை வாங்கிக்கொண்டார். முகத்தில் இன்னும் சென்னை இருந்தது.

"ஸ்கோர் என்ன சார்?"

"நாப்பது–முப்பது" என்றேன்.

சர்வீஸ் போடுபவர் எண் முதலில். அவர் தன்னை நாற்பது என்று நம்பினார். கோமதியும் அப்படியே நம்பினார். முப்பது–நாற்பது ஆனாலும் நாற்பது–முப்பது ஆனாலும் இடப்பக்கம் நின்றுதான் சர்வீஸ் போட வேண்டும் என்பதால் அவர்கள் கால்களுக்கும் சந்தேகம் வரவில்லை. ஐயா முன்னால் இருக்கிறார் என்று கேட்ட கூட்டத்துக்குக் கைதட்டவே நேரம் சரியாக இருந்தது.

பாலசுந்தரம் பந்தை இரண்டு முறை தட்டினார். அன்றைய மிகச் சிறந்த சர்வீஸைப் போட்டுவிட்டு வலையை நோக்கி ஓடி வந்தார். கோமதி என்ன நினைத்தார் என்பதைப் பிறகு அவரே சொன்னார்: இந்த ஒன்றை எடுத்தால் டியூஸ்தானே, ஒன்றையாவது ஒழுங்காக அடித்துவிட்டு அடுத்த இரண்டை விட்டுவிடலாம். அந்த ஆட்டத்தில் முதல் முறையாக அவர் ஒரு பந்தைப் பந்தாக மட்டும் பார்த்தார். இடப்பக்கம் நீண்டு போய், பின்கையால், அதிகாரிக்கும் ஓரக்கோட்டுக்கும் நடுவில் ராக்கெட் அகலமே இருந்த சந்தில் அடித்தார். பந்து மூலையில், கோட்டின் மேல் விழுந்தது. சுண்ணாம்பு பறந்தது.

ஏழுமலையே "அட!" என்றுவிட்டார். பாலசுந்தரம் ராக்கெட்டைத் தட்டி, "சூப்பர், கோமதி. டியூஸ்" என்று சொல்லிவிட்டு வலப்பக்கம் நடந்தார். கோமதியும் வலப்பக்கம் போய் நின்றார்.

நான் குறிப்பேட்டில் கோடு போடக் குனிந்தேன். அதிகாரி வரிசையில் இரண்டு கோடு. கோமதி வரிசையில் நான்கு.

மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது டியூஸ். இல்லை என்று தெரிந்தது எனக்கும் என் குறிப்பேட்டுக்கும் மட்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் கோமதி அடுத்த இரண்டை இழப்பார், அதிகாரி சிரித்த முகமாக இருப்பார், விண்ணப்பம் உள்ளே போகும், மகள் அம்மாவை விழித்துக்கொண்டு பார்ப்பாள். என் தவறால் இழப்பு யாருக்கும் இல்லை. இப்படி எல்லோருக்கும் நன்மை செய்யும் தவறு என் தொழில் வாழ்க்கையில் அதற்கு முன் அமைந்ததில்லை. ஆனால் எதிர்முனையில் பேனா நின்றுவிட்டது போல இருந்தது.

"மன்னிக்கணும்" என்றேன். "தப்பு என்னுது. ஸ்கோர திருப்பி சொல்லிட்டேன். முப்பது–நாப்பதுன்னு சொல்லியிருக்கணும். கேம், செட், மேட்ச், கோமதி."

"இன்னா சார் இது!" என்று ஏழுமலை மேஜையருகே வந்துவிட்டார். அரசாணைத் தொகுப்பு நகர்ந்து நாற்காலி ஆடியது. "நடுவுல பூந்து மாத்தினா எப்டி சார்?"

பாலசுந்தரம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "விதி என்ன சொல்லுது?"

"ஆடின பாயிண்ட் ஆடினதுதான் சார். ஸ்கோர மட்டும் திருத்தணும்."

அவர் யோசித்தார். "நான் முன்னாடி இருக்கேன்னு நெனச்சுதான் அந்த சர்வீஸ அப்படி போட்டேன். பின்னாடின்னு தெரிஞ்சிருந்தா கை வந்திருக்காது. ரெண்டு பேருமே தப்பான ஸ்கோர நம்பி ஆடியிருக்கோம். திரும்ப ஒரு தடவ ஆடினா நல்லாயிருக்கும். விதி இடம் குடுக்காதுன்னு தெரியுது. கோமதி சரின்னா மட்டும்."

கோமதிக்கு வேண்டியிருந்த வாய்ப்பு தானே தேடி வந்து கையில் விழுந்தது. ஏழுமலை இருமினார். கோமதி பந்து விழுந்த மூலையைப் பார்த்தார். கோட்டில் சுண்ணாம்பு கலைந்த இடம் நாணய அகலத்துக்குத் தெரிந்தது.

"வேணாங்க ஐயா" என்றார்.

ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் ஆடினதுலயே அது ஒண்ணுதாங்க பந்து. அத இல்லன்னு சொல்ல மனசு வரல."

பாலசுந்தரம் வலைக்கு வந்து கை கொடுத்தார். கை கொடுத்தபடியே, "நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வாங்க" என்றார். கப்பை வாங்கும்போது கோமதியின் முகம் குற்றப்பத்திரிகை வாங்குபவர் முகம்போல இருந்ததற்கு இதுதான் காரணம். அந்தப் புகைப்படமே அச்சில் வந்தது.

மறுநாள் நடந்ததை கோமதி எனக்கு போனில் சொன்னார். அறையில் ஏழுமலையும் இருந்தார். அதிகாரி, அந்தப் பின்கை அடியை எங்கே கற்றுக்கொண்டீர்கள், எங்கே பயிற்சி செய்கிறீர்கள், வாரத்தில் இரண்டு நாள் மாலை கிளப்புக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். மலையிலிருந்து இறங்கி வரவே இருட்டிவிடும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மாறுதல் கேட்கவில்லையா என்றார். கேட்டு எட்டு மாதம் ஆகிறது என்றார் கோமதி.

"என் டேபிளுக்கு அப்படி ஒரு பேப்பரே வரலையே?"

கோமதி ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை சுவரைப் பார்த்தார்.

"எங்கிட்டதாங்க ஐயா இருக்குது. நீங்க நல்ல மூடுல இருக்கசொல்ல வெக்கலாம்னு..."

விண்ணப்பம் வந்தது. தூசு தட்டி நீட்டினாராம். பாலசுந்தரம் முழுவதும் படித்தார். பேனாவைத் திறந்தார்.

"ஏம்மா, நேரா எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ஜெயிச்சதுக்கப்பறம் சொல்லலாம்னு இருந்தேங்க ஐயா."

கையெழுத்துப் போட்டு முடித்து, பேனாவை மூடிவிட்டுத்தான் அவர் நிமிர்ந்தாராம்.

"அப்படின்னா நீங்க ரிட்டயர் ஆகறவரைக்கும் மலையிலதான் இருந்திருப்பீங்க."